முகவரிப் பக்கத்தையும் காட்டும் கடை

திருநெல்வேலி டவுனில் பழைய காகிதம் விற்கும் ஒரு கடையைப் பற்றிய மதிப்புரை இது. எடைக்குப் போடும் கடை என்று நினைத்துவிட வேண்டாம். பழைய பத்திரங்கள், கல்யாணப் பத்திரிகைகள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், நின்றுபோன சிறுபத்திரிகைகளின் உதிரி இதழ்கள், இவற்றோடு எழுத்தாளர்கள் கைப்பட எழுதிய கடிதங்கள். இந்தக் கடைசிச் சரக்குக்காகத்தான் நான் அங்கே போகிறேன். மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை, அதற்குள் இரண்டு இரும்பு பீரோ, ஒரு மேசை, ஒரு ஸ்டூல். இரண்டாவது ஆள் வந்தால் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

கடையின் பெயரைப் போடவில்லை. குறையும் எழுதப்போகிறேன் என்பது ஒரு காரணம். கடைக்காரரே கேட்டுக்கொண்டது இன்னொரு காரணம். "பேரு கீரு போட்டுராதீங்கம்மா, எல்லாரும் வந்து நின்னா டீ வாங்கிக் குடுத்தே எனக்குக் கட்டாது" என்றார். பழம்பேப்பர் பழக்கம் உள்ளவர்களுக்கு இதற்குள் எந்தக் கடை என்று தெரிந்திருக்கும்.

நான் தபால் இலாகாவில் இருந்து ரிட்டயர் ஆனவள். பாளையங்கோட்டைப் பக்கம் கவுண்டரில் உட்கார்ந்து, கடைசியில் துணை அஞ்சலகம் ஒன்றில் போஸ்ட்மாஸ்டராக முடித்தேன். தபால் கார்டை வாசிக்கக் கூடாது என்பது இலாகா விதி. வாசிக்காத தபால்காரரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் எங்களுக்கு முகவரிப் பக்கம்தான் முதல் பக்கம். எழுத்தாளர் கடிதம் சேர்க்கும் மற்றவர்கள் வாசகத்தைப் பார்ப்பார்கள், கையெழுத்தைத் தடவுவார்கள், படம் எடுத்துப் போடுவார்கள். என் கை தானாகவே அட்டையைத் திருப்பிவிடும். இந்தக் கடை எனக்குப் பிடித்துப்போனதும் அதனால்தான்: இங்கே ஒவ்வொரு கடிதத்தின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புகிறார்கள்.

இது பெரிய விஷயமா என்று கேட்கலாம். கடிதம் விற்கும் வேறு சிலரிடம் கேட்டுப் பாருங்கள். "எழுத்தாளர் கையெழுத்து இருக்கு, அது போதாதா?" என்பார்கள். போதாது. கையெழுத்தைப் பழகி எழுத ஆள் உண்டு. தபால் முத்திரையையும், அட்டையில் அச்சான மதிப்பையும், முகவரி எழுதிய விதத்தையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஜோடிப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல.

ஒரு உதாரணம். சென்ற மழைக்காலத்தில் இலக்கிய விமர்சகர் தி.க.சி. எழுதிய கார்டு ஒன்றின் படம் வாட்ஸ்ஆப்பில் வந்தது. சுடலைமாடன் கோயில் தெரு என்று அனுப்புநர் இடத்தில் இருந்தது. அந்தத் தெருவிலிருந்து எத்தனை கார்டுகள் புறப்பட்டிருக்கும் என்று கணக்கே கிடையாது. புதிதாக ஒரு கதை அச்சில் வந்த பையனுக்குக்கூட அவரிடமிருந்து கார்டு போய்விடும். கடைக்காரர் கீழே '1984' என்று குறித்திருந்தார். முத்திரையில் கடைசி எண் மசி இழுகி நாலு மாதிரியும் இருந்தது, ஒன்பது மாதிரியும் இருந்தது. ஆனால் பெறுநர் முகவரியின் கடைசி வரி 'நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்'. 1986 அக்டோபரில் பழைய திருநெல்வேலி மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோதுதான் அந்தப் பெயரும், தூத்துக்குடிப் பக்கத்துக்குச் சிதம்பரனார் மாவட்டம் என்ற பெயரும் வந்தன. 1997இல் தலைவர்கள் பெயரை எல்லா மாவட்டங்களிலிருந்தும் எடுத்தபோது இரண்டும் போயின. ஆகவே அது 1984 ஆக இருக்க வழியில்லை, 1989தான். கடைக்காரரிடம் சொன்னேன். "அட, ஆமால்லா! இத்தன நாளு இது என் கண்ணுல படலியே" என்று பென்சில் குறிப்பை அழித்து மாற்றினார். விலையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

இதற்கு ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய மாவட்டப் பெயர் இருப்பதால் கடிதம் பழசு என்று தலைகீழாகக் கணக்குப் போட முடியாது. பெயர் மாறி வருஷக்கணக்கான பிறகும் எங்கள் ஜனம் பழைய பெயரைத்தான் எழுதும். 1996இல் மெட்ராஸ் சென்னை ஆனபோதுகூட ஒரே ராத்திரியில் எல்லா முத்திரைக் கட்டையும் மாறிவிடவில்லை. புதுப் பெயர் இருந்தால் அந்த வருஷத்துக்கு முந்தியது அல்ல என்று சொல்லலாம். அவ்வளவுதான் சொல்லலாம்.

பின்கோடு விஷயம் இன்னும் உறுதியானது. 1972 ஆகஸ்ட் 15இல் பின்கோடு நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் அட்டையில் ஆறு கட்டம் அச்சாகி வர ஆரம்பித்தது. எழுத்தாளர் கு. அழகிரிசாமி 1970 ஜூலையில் காலமாகிவிட்டார். ஆறு கட்டம் அச்சான அட்டையில் அவர் கடிதம் என்று யாராவது கொண்டு வந்தால், எழுதியவர் யார் என்று கொண்டு வந்தவரையே திருப்பிக் கேட்க வேண்டியதுதான். தாளையே மடித்து ஒட்டி அனுப்பும் இன்லண்ட் லெட்டர் இந்தியாவில் வந்தது 1950இல். புதுமைப்பித்தன் இறந்தது 1948இல். ஆன்லைன் ஏலம் ஒன்றில் யாரோ ஒருவர் 'புதுமைப்பித்தன் இன்லண்ட்' என்று போட்டிருந்ததைப் பார்த்து நானும் நம் கடைக்காரரும் போனிலேயே சிரித்தோம். அதற்கும் நாலைந்து பேர் விலை கேட்டிருந்தார்கள். அதுதான் சிரிப்பை நிறுத்தியது.

காசுக் கணக்கு இன்னொரு சாட்சி. 1957இல் தசம நாணயம் வந்தது. 1964 வரை 'நயா பைசா' என்று போட்டார்கள், பிறகு நயா உதிர்ந்து வெறும் பைசா ஆனது. எண்பதுகளில் கார்டு 15 காசு. இப்போது 50 காசு. முகவரிப் பக்கத்தில் பாதியை விளம்பரத்துக்கு விட்டுவிட்டு 25 காசுக்கு விற்ற மேகதூத் கார்டு 2002இல் வந்தது. தி.க.சி. 2014 வரை இருந்தவர், எழுதிக்கொண்டே இருந்தவர். அவர் கார்டுகளை வரிசையாக அடுக்கினால் அஞ்சல் கட்டணத்தின் சரித்திரமே அதில் தெரியும்.

எழுத்தின் வடிவத்தையும் பார்க்கலாம். தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். யானைத் துதிக்கை போட்ட பழைய லை, ணை, சுழித்த றா, னா எல்லாம் பாடப் புத்தகத்திலிருந்து போயின. கை பழகிய பெரியவர்கள் கடைசி வரை பழைய மாதிரியே எழுதினார்கள். என் அப்பாவும் அப்படித்தான். ஆகவே பழைய லை இருப்பதை வைத்து ஒன்றும் முடிவு கட்டக் கூடாது. ஆனால் புது வடிவத்தை முன்பே பயன்படுத்திய பெரியாரின் இதழ்களோடு சம்பந்தமே இல்லாத ஒருவர் 1950இல் எழுதியதாகச் சொல்லும் கடிதத்தில் 'லை' எல்லாம் இன்றைய வடிவில் வரிசையாக நின்றால் நான் வாங்க மாட்டேன்.

இந்தக் கடையின் இரண்டாவது நல்ல குணம் கடிதக் கட்டைப் பிரிக்காதது. ஒரு வீட்டிலிருந்து கடிதக் கட்டு வந்தால் அது யாருக்கு வந்த கட்டோ அவர் பெயரிலேயே ஒரு கவரில் இருக்கும். பெரிய எழுத்தாளரின் கார்டை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தை எடைக்குப் போடுவது இந்தத் தொழிலில் சாதாரணம். இவர் செய்வதில்லை. "அது ஒரு மனுசனோட வாழ்க்கைல்லா, அதுல அஞ்ச மட்டும் உருவிட்டா மிச்சம் என்னத்துக்கு ஆவும்?" என்றார். வியாபாரத்துக்கும் அதுதான் நல்லது என்று நான் சொன்னேன். ஒரே ஆளுக்குப் பத்து வருஷம் எழுதிய கார்டுகள் சேர்ந்து இருந்தால் ஒன்றுக்கொன்று சாட்சி. கையெழுத்து எப்படித் தளர்ந்தது, வீடு எப்போது மாறியது, பேனா எப்போது பால்பாயிண்டுக்கு மாறியது எல்லாம் தெரியும். 2025 ஜூனில் மும்பை ஏலத்தில் தாகூர், சமூகவியலாளர் தூர்ஜதி பிரசாத் முகர்ஜிக்கு எழுதிய 35 கடிதங்கள் ஏறக்குறைய 5.9 கோடி ரூபாய்க்குப் போயின. கூடவே போனவை 14 தபால் உறைகள். உறையைக் குப்பையில் போடாமல் வைத்திருந்த அந்தக் குடும்பத்துக்கு ஒரு கும்பிடு.

உறை என்றதும் ஒரு ஆற்றாமை. தபால்தலை சேர்ப்பவர்கள் நம் வீட்டுக் கடிதங்களுக்குச் செய்த சேதம் கரையானும் செய்யவில்லை. ஸ்டாம்பைக் கத்தரித்து எடுக்கும்போது முத்திரையில் பாதி, ஊர்ப்பெயரில் பாதி, தேதியில் பாதி அதோடு போய்விடும். பின்பக்கம் எழுதியிருந்தால் அந்த வரியும் போச்சு. நான் கவுண்டரில் இருந்த காலத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து "ஆன்ட்டி, பழைய ஸ்டாம்ப் இருக்கா?" என்று கேட்கும்போது, வெட்டாமல் உறையோடு வை என்று சொல்லியே அனுப்புவேன். எத்தனை பேர் கேட்டார்களோ.

அங்கே நான் வாங்கிய ஒரு கட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கோவில்பட்டி பக்கத்து வாசகர் ஒருவருக்கு வந்த கடிதங்கள். பெயர் வேண்டாம், குடும்பம் இருக்கிறது. எழுதியவர்கள் எழுத்தாளர் வல்லிக்கண்ணன், தி.க.சி., இன்னும் அதிகம் பேசப்படாத இரண்டு மூன்று பேர். ஒவ்வொரு கார்டின் நடுவிலும் ஒரு ஓட்டை, ஓட்டையைச் சுற்றித் துரு வளையம். சின்ன வயதுக்காரர்களுக்கு இது என்னவென்று தெரியாது. அப்போதெல்லாம் வீட்டில், கடையில், பள்ளிக்கூட ஆபீஸில் ஒரு கம்பி தொங்கும். அடியில் வட்டமாக ஒரு மரக்கட்டை, மேலே கொக்கி. வந்த கடிதத்தை வாசித்து முடித்ததும் அந்தக் கம்பியில் குத்திக் கோத்து விடுவார்கள். பழசு அடியில், புதுசு மேலே. சில வீட்டில் மின்சாரக் கட்டண ரசீதும் மருமகன் எழுதிய கடிதமும் ஒரே கம்பியில் இருக்கும்.

மற்ற வியாபாரிகள் இந்த ஓட்டையைக் 'குறை' என்று எழுதி விலையைக் குறைப்பார்கள். எனக்கு ஓட்டை உள்ள கார்டுதான் வேண்டும். அது ஒரு வீட்டில் கம்பியில் தொங்கியது என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி? இந்தக் கட்டில் ஓட்டைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில், இடதுபக்கம் சற்றுச் சாய்ந்து இருக்கின்றன. ஒரே கை குத்திய கம்பி. ஒரு கார்டில் மட்டும் ஓட்டை மேல் மூலையில், எழுத்தில் படாமல், அட்டையை மடக்கிப் பார்த்து இடம் தேடிக் குத்தியிருக்கிறது. அது யாருடைய கார்டு என்று திருப்பிப் பார்த்தேன். வல்லிக்கண்ணனுடையது. மற்ற கார்டுகளை எழுத்தின் மேலேயே குத்திய மனிதர் இதற்கு மட்டும் ஏன் மெனக்கெட்டார் என்று தெரிய வேண்டுமானால் வாசகத்தைச் சொல்ல வேண்டும். சொல்லப்போவதில்லை. காகிதம்தான் காசு கொடுத்தவருக்குச் சொந்தம். வாசகத்தின் உரிமை எழுதியவரின் வாரிசுகளிடம் இருக்கிறது, எழுதியவர் மறைந்து 60 ஆண்டு வரை அதுதான் பொது விதி. கடிதத்தைப் படம்பிடித்து அப்படியே முகநூலில் ஏற்றுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்னொன்றையும் அந்தக் கட்டில் கவனித்தேன். சாவுச் செய்தி ஒன்றுகூட இல்லை. இருக்காது. மரணச் செய்தி வந்த கார்டை வாசித்ததும் கிழித்துப் போட்டுவிடுவதுதானே வழக்கம், வீட்டில் வைக்க மாட்டார்கள். ஆகவே யாருடைய கடிதக் கட்டை வாங்கினாலும் அதில் நல்லதும் நடுத்தரமும் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

விலை. வல்லிக்கண்ணன் கார்டு இந்தக் கடையில் முந்நூறிலிருந்து ஐந்நூறு வரை. தி.க.சி. அதை ஒட்டி. கி.ரா. (கி. ராஜநாராயணன்) என்றால் ஆயிரத்தைத் தாண்டும், இன்லண்ட் முழுக்க எழுதியது என்றால் இன்னும் மேலே. இந்தக் கணக்கு எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. ராஜவல்லிபுரத்து வல்லிக்கண்ணன் முகம் தெரியாத வாசகர்களுக்கும் அலுக்காமல் பதில் எழுதினார். 1978இல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கிய பிறகும் கார்டு நிற்கவில்லை. அதனால் அவர் கடிதம் ஊர்ஊருக்குக் கிடைக்கிறது, அதனால் மலிவு. யாருக்கும் பதிலே போடாத எழுத்தாளர் என்றால் ஒரு துண்டுச் சீட்டுக்கும் கிராக்கி. சந்தை அப்படித்தான் இருக்கும், அதற்காக நானும் அப்படி மதிப்பிட வேண்டியதில்லை. புதிதாகச் சேர்க்க ஆரம்பிக்கிறவர்கள் வல்லிக்கண்ணனிலிருந்து தொடங்குங்கள் என்று சொல்வேன். கைக்கு அடக்கமான விலை, போலிக்கு வாய்ப்புக் குறைவு. முந்நூறு ரூபாய்க்கு யார் உட்கார்ந்து கையெழுத்துப் பழகுவார்கள்?

பணக்கஷ்டத்தில் எழுதிய கடிதத்துக்கு மட்டும் விலை கூட்டி வைக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. கைமாற்றுக் கேட்டது, மருந்துக்குக் காசில்லை என்று எழுதியது, இப்படி. இந்தக் கடையிலும் அது இருக்கிறது, கொஞ்சம் நாசூக்காக. அந்த மாதிரிக் கடிதத்தின் உள்பக்கத்தைப் படத்தில் வெள்ளைத் தாளால் மறைத்து அனுப்புகிறார், "உள்ள விசயம் நேர்ல" என்று. மறைப்பது மரியாதைக்கா, ஆவலைக் கிளப்பவா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நான் அந்த வகையை வாங்குவதில்லை.

இனிக் குறை. ஒரு இன்லண்டை நான் முன்பணம் கொடுத்து வைத்திருந்தேன். கி.ரா.வுடையது, அவர் ஊரான இடைசெவலிலிருந்து போட்டது. 1989இல் அவர் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முந்திய காலத்தது. வாங்கப் போனால் மேசை மேல் பளபளவென்று இருக்கிறது. லேமினேட் பண்ணிவிட்டார்! பக்கத்துக் கடையில் இருபது ரூபாய்க்கு. என் நன்மைக்காகவாம். "உங்களுக்குன்னு ஸ்பெஷலா பண்ணி வச்சேம்மா, இனிம தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது" என்று சிரித்த முகமாக நீட்டுகிறார். எனக்கு வாயில் வந்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

லேமினேஷன் என்பது சூட்டில் பசையை உருக்கிக் காகிதத்தின் நாருக்குள் இறக்குவது. திரும்ப எடுக்க வழியில்லை. உரித்தால் காகிதத்தின் மேல்தோல் எழுத்தோடு சேர்ந்து வரும். பசையைக் கரைக்கும் திரவம் பேனா மையையும் கரைக்கும். உள்ளே இருக்கும் ஈரமும் அமிலமும் வெளியேற இடமில்லாமல் அங்கேயே வேலையைக் காட்டும். இன்லண்டில் இன்னொரு கொடுமை: அதை மடித்துப் பார்க்க முடியாது. எந்த மடிப்பு மேலே இருந்தது, ஓரத்தில் இடமில்லாமல் ஒட்டும் மடலின் உள்பக்கத்தில் எழுதிய வரி எந்தப் பக்கத்தின் தொடர்ச்சி என்பதெல்லாம் மடித்தால்தான் விளங்கும். இன்லண்ட் எழுதிய தலைமுறைக்கு இது தெரியும். மடலைப் பிரிக்கும் அவசரத்தில் அந்த வரியே கிழிந்துபோய், பசையோடு ஒட்டியதை உரித்து உரித்து வாசித்த ஞாபகம் எல்லோருக்கும் இருக்கும். இப்போது அது ஒரு தட்டையான பிளாஸ்டிக் அட்டை.

காசைத் திருப்பித் தந்தார், முணுமுணுக்காமல். ஆனால் கடிதம் போனது போனதுதான். வேறு ஒருவர் அதை வாங்கி, பளபளப்பு நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனாராம்.

என்ன செய்ய வேண்டும் என்று அன்றே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அருங்காட்சியகங்களில் போடுகிற மாதிரி பாலியஸ்டர் உறை, மைலார் என்று கேட்டால் தருவார்கள். இரண்டு பக்கம் மூடி இரண்டு பக்கம் திறந்தது. கடிதம் உள்ளே சும்மா இருக்கும், ஒட்டாது, வேண்டும்போது எடுக்கலாம். பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும் பி.வி.சி. உறை கூடாது. புது ரெயின்கோட் வாசம் அடித்தால் பி.வி.சி., கொஞ்ச நாளில் எழுத்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். கிழிசலுக்குச் செலோடேப் கூடவே கூடாது, மஞ்சள் கறை ஏறி அதோடு காகிதம் மொறுமொறுத்துப் போகும். அந்துருண்டையைப் பெட்டியின் மூலையில் துணியில் முடிந்து வைக்கலாம், கடிதத்தின் மேல் உருட்டி விடக் கூடாது. இராமபாணப் பூச்சிக்கு எங்கள் வீட்டில் வசம்புதான் போடுவோம். இன்றைக்கு வரை பழுதில்லை. இன்லண்டின் பசை மடல் ஈரக்காலத்தில் தானே ஒட்டிக்கொள்ளும் என்பதால் இடையில் ஒரு வெள்ளைத் தாள். இவ்வளவுதான், இதற்கு ஒரு கார்டுக்குப் பத்து பதினைந்து ரூபாய் ஆகும். இப்போது கேட்பவர்களுக்குப் பாலியஸ்டர் உறை வைத்திருக்கிறார். கேட்காதவர்களுக்குப் பக்கத்துக் கடை லேமினேஷன்தான் என்று கேள்வி.

இரண்டாவது குறை கடைச் சுவரில் தொங்குகிறது. பாரதியார் கையெழுத்தில் ஒரு பக்கம், சட்டம் போட்டு. அச்சுப் பிரதி என்று கேட்டால் சொல்வார், கேட்காதவருக்குத் தானாகச் சொல்ல மாட்டார். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அதன் முன் கைகூப்பி நின்றதைப் பார்த்தேன். பாரதியின் கையெழுத்துப் பிரதிகள் புத்தகங்களிலும் மலர்களிலும் எத்தனையோ தடவை அச்சாகியிருக்கின்றன, அதிலிருந்து வெட்டிச் சட்டம் போட்டால் இப்படித்தான் இருக்கும். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவரிடம் இருக்கும் சின்ன லென்ஸை வைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரியும்: பல அச்சுப் பிரதிகளில் கோடு முழுக்கப் புள்ளி புள்ளியாக உடையும். பேனா மை என்றால் காகிதத்தின் நாரோடு பரவியிருக்கும், கோடு திரும்பும் இடத்தில் மை கூடுதலாகத் தேங்கியிருக்கும், பின்பக்கம் தடவினால் நிப்பு அழுத்திய தடம் விரலில் தட்டுப்படும். அடியில் 'அச்சுப் பிரதி' என்று ஒரு சீட்டு ஒட்டச் சொல்லியிருக்கிறேன். "ஒட்டிரலாம்மா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

ரொம்பப் பழைய கடிதங்களுக்கு இவரிடம் போக வேண்டாம், இவரே வேண்டாம் என்பார். 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி, இலக்கிய மதிப்போ வரலாற்று மதிப்போ உள்ள கையெழுத்துப் பிரதியும் ஆவணமும் 75 வருஷம் கடந்துவிட்டால் தொல்பொருள்தான். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1954இல் மறைந்த இலக்கியத் திறனாய்வாளர் ரசிகமணி டி.கே.சி.யின் கடிதங்களில் பெரும்பகுதி இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். குற்றாலத்துப் பக்கமிருந்து ஒருவர் அப்படி ஒரு கட்டைக் கொண்டுவந்தபோது, இவர் வாங்காமல், சென்னை தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது, அங்கே பேசிப் பாருங்கள் என்று அனுப்பியதை நான் கூட இருந்து பார்த்தேன். கமிஷன் கிடைக்காத யோசனை. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா சேர்த்து வைத்ததுதான் அந்த நூலகத்துக்கு அடித்தளம் என்பதை அவரிடம் சொன்னபோது, "போர்டு எழுதுறவரா?" என்று ஆச்சரியப்பட்டார். அவருடைய மாமாவும் போர்டு எழுதுகிறவராம். அதற்கப்புறம் பேச்சு மாமாவைப் பற்றியே போனது.

வெளியூருக்கு அனுப்பும் விதத்தில் குறை சொல்ல மாட்டேன், இலாகாக்காரி என்ற முறையில் மெச்சவே செய்வேன். இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில் கடிதம், அதைச் சுற்றிப் பாலித்தீன், மேலே துணி ஒட்டிய கவர். ஸ்டேப்ளர் பின் கிடையாது, ரப்பர் பேண்ட் கிடையாது. முன்னே பதிவுத் தபாலில் அனுப்புவார். 2025இல் இலாகா அதை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்ட பிறகு ஸ்பீடு போஸ்ட்தான். பதிவுத் தபால் போனதில் எனக்குள்ள வருத்தத்தை இங்கே இழுக்க வேண்டாம். கூரியர் கேட்டாலும் அனுப்புவார், நான் கேட்பதில்லை. தபாலில் வந்த பொருள் தபாலிலேயே போகட்டும்.

வாங்க நினைப்பவர்களுக்கு: முன்பணம் அனுப்பும்போதே 'லேமினேட் செய்யக் கூடாது' என்று எழுத்தில் போட்டு அனுப்புங்கள், போனில் சொன்னது மறந்துவிடுகிறது. முகவரிப் பக்கத்தை லென்ஸ் வைத்துப் படம் எடுத்துக் கேளுங்கள், சலிக்காமல் அனுப்புவார். பேரம் உண்டு, ஆனால் கட்டாக வாங்கினால்தான். செவ்வாய்க்கிழமை கடை கிடையாது. மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிடப் போனால் நாலு மணிக்குத்தான் வருவார். போன் எடுக்கவில்லை என்று திட்டிக்கொண்டு வாசலில் நிற்காதீர்கள், எதிரே டீக்கடையில் சொன்னால் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள்.